கசப்புக்குப் போட்ட கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே நாக்கம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. முதலில் ஆரஞ்சுப் பழத்தின் மேல் வந்தது. துருவியில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க அது உருண்டு கையை விட்டு ஓடியது. அப்புறம் துருவியின் மேல் வந்தது. கடைசியில், வழக்கம்போல, கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த புருஷன் மேல் வந்து நின்றது.

"ஏங்க, அந்தத் திருகாணியில ஒண்ணு என் சோபாவுக்குள்ள போச்சுன்னாலும் அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"போகாது," என்றார் அவர். இப்போது மட்டும் எப்படி இருக்கிறாளாம் என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்திருக்கும். கேட்கவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனம் சும்மாவா?

நாக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. வேலை செய்கிற ஜூஸ் கம்பெனியில் வைத்தது. அங்கே ருசி பார்க்கிற அறைக்கு அவள்தான் தலைமை. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து ருசி பார்ப்பார்கள், தாளில் மார்க் போடுவார்கள். ஆனால் அடியில் கையெழுத்துப் போடுவது அவள் ஒருத்திதான். அவள் சரி என்றால் தொட்டியின் குழாயைத் திறப்பார்கள். வேண்டாம் என்றால் எத்தனை ஆயிரம் லிட்டரானாலும் சாக்கடைக்குத்தான் போகும். ஒரு வாய் எடுத்துச் சுழற்றித் துப்பிவிட்டு, பழம் பறித்து எத்தனை நாளாச்சு, தொட்டியைக் கழுவின சோப்பு சரியாக அலசிப் போச்சா இல்லையா என்று புட்டுப்புட்டு வைப்பாள். மேனேஜரே அவளிடம் பேசும்போது குரலை ஒரு படி இறக்கித்தான் பேசுவார்.

அந்த நாக்கு செத்துப்போய் அஞ்சு வாரம் ஆகிறது.

ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் போனது. போகிறபோது வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பும் புளிப்பும் ஏதோ பக்கத்து வீட்டு டிவி சத்தம் மாதிரி லேசாகத் தெரிந்தன. இனிப்பு இருந்தும் இல்லாத மாதிரி. கசப்பு சுத்தமாகப் போயே போச்சு. வேப்பிலையை மென்றாலும் கடுதாசியை மென்றாலும் அவளுக்கு ஒன்றுதான்.

இது ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ருசி தெரியாதவளுக்கு ருசி அறையில் என்ன வேலை? ஸ்டோரில் உட்கார்ந்து மூடி எண்ணு என்பார்கள். நாக்கம்மா என்று கூப்பிடுகிறவர்கள் அதையே முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு கூப்பிடுவார்கள். அதனால் அஞ்சு வாரமாக வண்டியை எப்படியோ ஓட்டிவிட்டாள். மற்ற ஐந்து பேரும் எழுதி முடிக்கும்வரை தண்ணீர் குடிப்பது, கொப்பளிப்பது என்று இழுத்தடிப்பாள். யார் முகம் சுளிக்கிறது, யார் இன்னொரு மடக்கு எடுக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கடைசியாக எழுதுவாள். கையெழுத்து மட்டும் முன்னைவிட அழுத்தமாக விழும்.

இப்போது புதுத் தலைவலி ஒன்று வந்திருந்தது. கம்பெனி ஜூஸோடு நிற்காமல் கிண்ணத்தில் அடைத்து விற்கிற சியா விதை புட்டிங் போடப் போகிறது, ஊறினால் வழவழவென்று உப்புகிற பொடி விதை அது. ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த புட்டிங். அளவெல்லாம் போட்டுக் கொடுத்தது அவள்தான், நாக்கு உயிரோடு இருந்தபோது. திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டால் பதினொன்றுக்கு மிஷின் ஓடும். கிடங்கில் இருக்கிற பழத்தைப் போட்டு அது எப்படி வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ள ஒரு உயிருள்ள நாக்கு வேண்டும். வீட்டில் ஒரு நாக்கு சும்மாதானே இருக்கிறது, ரேடியோவைப் பிரித்துக்கொண்டு. அதனால்தான் கிடங்குப் பழத்தில் நாலைந்து எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள்.

துருவுகிற வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. மேலே இருக்கிற ஆரஞ்சு நிறம் மட்டும் வரவேண்டும், அடியில் இருக்கிற வெள்ளை வந்துவிட்டால் காரியம் கெட்டது. ஒரு இழை வெள்ளைகூட விழவில்லை. நாக்குதான் போச்சு, கண் போகவில்லையே. துருவிய தோலைச் சர்க்கரையில் கொட்டி விரல் நுனியால் கசக்கினாள். தோலில் இருக்கிற எண்ணெய் சர்க்கரையில் இறங்கி, சர்க்கரை ஈரமணல் மாதிரி ஆனது. இந்த இடத்தில்தான் வாசனை ஆளைத் தூக்கும். அவள் குனிந்து முகத்தைக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டாள். ஒன்றும் இல்லை. சுவரை மோந்து பார்த்த மாதிரி இருந்தது.

"வீடே மணக்குதே," என்றார் புருஷன் கூடத்திலிருந்து.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். "உங்களை யாரு கேட்டா?" என்றாள். பாவம், அந்த மனுஷன் ஒரு நல்ல வார்த்தை சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

டின்னில் இருந்த தேங்காய்ப்பாலை ஊற்றினாள். மாட்டுப்பாலில் ஆரஞ்சை விட்டால் திரிந்துபோகும், தேங்காய்ப்பால் தாங்கும். ஆரஞ்சைப் பிழிந்தாள். அரை எலுமிச்சை பிழிந்தாள். கால் கோப்பை சியா விதையைத் தூவிக் கிளறினாள். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை கிளறவேண்டும், இல்லாவிட்டால் அடியில் கட்டிகட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிண்ணத்துக்குத்தான் கம்பெனிப் பழம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தெருமுனைக் கடையில் நாலு பழம் வாங்கி வந்து, அதே அளவு, அதே பால், அதே சர்க்கரை போட்டு இரண்டாவது கிண்ணமும் கலந்தாள்.

அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, கிளறுவதற்கும் கிளறுவதற்கும் நடுவில், அதில்தான் ஊசி வந்து மனசுக்குள் உட்கார்ந்தாள்.

ஊசி என்பதும் கம்பெனியில் வைத்த பேர்தான், ருசி அறையில் இருந்தவள். முப்பது வயது, ஒரு பெண்குழந்தைக்கு அம்மா, ஊதினால் பறந்துவிடுவாள் போல ஒல்லி. பேச்சும் அப்படித்தான், நேராகக் குத்தும். மூன்று வாரத்துக்கு முன்னால், இப்போது கிடங்கில் இருக்கிற இதே பழம் வந்து இறங்கிய அன்றைக்கு, அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, இது பிழிஞ்ச உடனே சரியா இருக்கு. நாலு மணி நேரம் நின்னா கசக்குது."

மற்ற நாலு பேரும் நாக்கம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். யார் முகத்தைப் பார்த்து அவள் எழுதலாம் என்று இருந்தாளோ, அவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தால் அவள் எங்கே போவாள்? பயம் வந்தது. அவளுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"காலையில பல் தேய்ச்சியா இல்லையா நீ? போய் நாக்கைக் கழுவிட்டு வா."

எல்லாரும் சிரித்தார்கள். ஊசி சிரிக்கவில்லை. போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, இன்னொரு மடக்கு எடுத்துவிட்டு, "கசக்குது அக்கா," என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் நாக்கம்மா மேனேஜருக்கு ஒரு தாள் எழுதினாள். ருசி பார்க்கும் வேலைக்கு இவருடைய நாக்கு தகுதியாக இல்லை. ஒரே ஒரு வரி. ஊசியைத் தூக்கி லேபிள் ஒட்டுகிற பகுதியில் போட்டார்கள். அன்றிலிருந்து ருசி அறையில் ஒருத்தரும் எதற்கும் மூச்சு விடுவதில்லை. நாக்கம்மா தலையை ஆட்டினால் ஆட்டுகிறார்கள், சும்மா இருந்தால் சும்மா இருக்கிறார்கள். அதற்குள் ருசி சரியில்லை என்று கடைகளிலிருந்து சில பெட்டிகள் திரும்பி வந்தன. வெயிலில் வைத்திருப்பார்கள் என்று மேனேஜர் கடைக்காரர்கள் மேல் பழியைப் போட்டார். நாக்கம்மாவும் ஆமாம் என்றாள்.

அதிகப்பிரசங்கி, அவளுக்கு வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே நாக்கம்மா இரண்டாம் தடவை கிளறினாள். கரண்டி கிண்ணத்தில் டங்டங்கென்று இடித்தது. மூடி போட்டு இரண்டையும் ஃப்ரிஜ்ஜில் வைத்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் புட்டிங் நன்றாக உறைந்திருந்தது. அவள் புருஷனைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள்.

புருஷன் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் இறங்கிக் கயிறும் சக்கரமும் பார்க்கிறவர். சத்தத்தை வைத்தே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் வீட்டில் வாயைத் திறந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் உயிர் போய்விடும். சாப்பாட்டைப் பற்றி அவரிடமிருந்து இதுவரை வந்தது ஒரே வார்த்தைதான்.

முதல் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் எடுத்தார். "தவளை முட்டை மாதிரி இருக்கு," என்றார்.

"பார்க்கச் சொல்லலை. சாப்பிடச் சொன்னேன்."

சாப்பிட்டார். "பரவாயில்ல."

இரண்டாவதைச் சாப்பிட்டார். "பரவாயில்ல."

அவ்வளவுதான். நாக்கம்மா அடுப்பில் போட்ட உப்பு மாதிரி பொரிய ஆரம்பித்தாள். "பரவாயில்லயா? இருபத்தாறு வருஷமா இந்த ஒரு வார்த்தையை வெச்சே என்னை ஓட்டிட்டீங்களே. விருந்து சமைச்சாலும் பரவாயில்ல, கஞ்சி வெச்சாலும் பரவாயில்ல. உங்க வாயில இருக்கிறது நாக்கா, இல்ல செருப்புத் தோலா? ஒரு மனுஷி காலையிலேர்ந்து கால் கடுக்க நின்னு செஞ்சிருக்காளே, இது இப்படி இருக்கு, அது அப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை வித்தியாசம் சொல்லத் தெரியாதா? சுவத்துக்கு ஊட்டியிருந்தாக்கூட ரெண்டு சொட்டு வழிஞ்சு காட்டியிருக்கும்."

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். அப்புறம் முதல் கிண்ணத்தை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"இது கசக்குது."

நாக்கம்மாவின் வாய் அப்படியே நின்றது. அந்த வார்த்தையைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு பாடும். வந்துவிட்டது, ஆனால் நம்புவதா வேண்டாமா? இத்தனை திட்டு திட்டின பிறகு எந்த மனுஷன்தான் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்க மாட்டான்? மிரட்டி வாங்கின சாட்சி அது. உண்மையா, தொல்லை விட்டால் போதும் என்று சொன்னதா? அவளே ஒரு வாய் எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது. எடுத்தும் பார்த்தாள். வழவழவென்று விதைகள் தொண்டையில் இறங்கின. கசப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"இருங்க," என்றாள். "எழுந்திருக்காதீங்க."

அவள் தொழிலில் இதற்கு ஒரு வழி இருந்தது. ஈரிழைத் துண்டை எடுத்து வந்து அவர் கண்ணைக் கட்டினாள். அவர் திருதிருவென்று முழித்ததும் துண்டுக்குள்ளேயே போனது. மூன்று சின்னக் கிண்ணம் எடுத்து, ஃப்ரிஜ் கதவுக்குப் பின்னால் நின்று, இரண்டில் ஒரு புட்டிங்கையும் ஒன்றில் மற்றதையும் வைத்தாள்.

"மூணு கிண்ணம். ரெண்டு ஒரே சாமான், ஒண்ணு வேற. அந்த வேற எதுன்னு சொல்லணும். நடுவுல வாய் கொப்பளிச்சுக்கணும்."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னாலும் ஏதாவது ஒண்ணைச் சொல்லித்தான் ஆகணும். அதுதான் சட்டம்."

"இது எந்த ஊர் சட்டம்?" என்று முனகிக்கொண்டே அவர் வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இந்த மனுஷனுக்கு ஊட்டினதில்லை.

"நடுவுல இருக்கிறது வேற," என்றார்.

சரி. ஆனால் ஒரு தடவை என்பது குருட்டாம்போக்கில் வரலாம். மாற்றி வைத்தாள். "முதலாவது," என்றார். சரி. இன்னொரு தடவை மாற்றினாள். "கடைசி. அது மட்டும் நல்லா இருக்கு, மத்த ரெண்டும் கசக்குது. முழுங்கினதுக்கப்புறம் தொண்டையில நிக்குது." மூன்று தடவை வரிசையாகச் சரி. கசக்கிற இரண்டும் கம்பெனிப் பழம்தான்.

ருசி அறைக்கு இப்படி ஒரு நாக்கு வந்திருந்தால் அவளே கூப்பிட்டு வேலை கொடுத்திருப்பாள். அவள் கையில் ஸ்பூனோடு நின்றாள். ஊசி சொன்னதும் இதேதான். நாலு மணி நேரம் நின்றால் கசக்குது என்றாள். தொண்டையில நிக்குது அக்கா என்றுகூடச் சொன்னாள்.

"ஏன்," என்றார் புருஷன், கண்கட்டோடேயே. "உனக்குத் தெரியலையா?"

அவர் துண்டை அவிழ்த்துவிட்டு அவளைப் பார்த்தார். லிப்ட் சத்தத்தைக் கேட்கிற மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு பார்த்தார்.

"தெரியலை," என்றாள் நாக்கம்மா. "போதுமா? அஞ்சு வாரமா ஒரு எழவும் தெரியலை. காய்ச்சலோட போச்சு. இப்ப சந்தோஷமா?"

"அதான் குழம்புல உப்பு," என்றார் அவர் மெதுவாக.

"உப்புக்கு என்ன?"

"ஒரு நாள் கடலாட்டம் இருக்கும். ஒரு நாள் இருக்கவே இருக்காது."

"அஞ்சு வாரமாவா?"

"அஞ்சு வாரமா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா எரிஞ்சு விழுவே," என்றார். "பரவாயில்லன்னா பேச்சு முடிஞ்சுடும்."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் வந்த கோபத்துக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை. உப்புக் குழம்பை அஞ்சு வாரம் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்ட மனுஷன் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? ஆனால் அவருக்கு இப்போதுதான் ஏற ஆரம்பித்தது. அவர் முகம் சிவந்து அவள் பார்த்ததே இல்லை.

"கம்பெனியில தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலேயே கையெழுத்துப் போட்டுட்டு இருக்கியா?"

அவள் சின்னக் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"எங்க வேலையில கோளாறுன்னு தெரிஞ்சா முதல்ல கதவுல போர்டு மாட்டுவோம். அப்புறம்தான் கையில ஸ்பேனர் எடுப்போம். நீ போர்டு மாட்டாம ஆளை ஏத்திக்கிட்டே இருந்திருக்கே."

"நான் என்ன லிப்டா?"

"லிப்டா இருந்தா அலாரமாவது அடிச்சிருக்கும்," என்றார். எழுந்து போய் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது நாக்கம்மா ஒரு திட்டம் போட்டாள். நல்ல திட்டம் என்றே அவளுக்குப் பட்டது. ஒருத்தருக்கும் எதையும் சொல்ல வேண்டாம். ஊசியை மட்டும் ருசி அறைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வது. பெரிய மனசு பண்ணி மன்னித்த மாதிரி. பத்து மணிக்கு ஊசி புட்டிங்கை வாயில் வைப்பாள், கசக்குது என்பாள். உடனே நாக்கம்மா ஒரு ஸ்பூன் எடுத்து, கண்ணை மூடி யோசித்து, "ஆமா, இவ சொல்றது சரி, இந்தப் பழம் வேண்டாம்," என்பாள். பழமும் மாறும், ஊசிக்கும் நியாயம் கிடைக்கும், நாக்கம்மாவும் நாக்கம்மாவாகவே இருப்பாள். இனிமேல் ஊசியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ரிட்டயர் ஆகிவிடலாம்.

கம்பெனிப் பழத்துப் புட்டிங்கில் மீந்திருந்ததை டப்பாவில் அடைத்துக் கொண்டு வந்திருந்தாள். ஒன்பதரைக்கு நேராக லேபிள் பகுதிக்குப் போனாள்.

அங்கே சத்தம் காதைப் பிளந்தது. பாட்டில்கள் பெல்ட்டில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. மிஷின் கோணலாக ஒட்டிய லேபிளைப் பிரித்துக் கையால் நேராக ஒட்டுவது ஊசியின் வேலை. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்த மாதிரி இருந்தது. நாக்கம்மாவைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த நாலு பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இதை ஒரு வாய் சாப்பிடு," என்றாள் நாக்கம்மா, டப்பாவைத் திறந்து.

"நானா அக்கா? நான் எதுக்கு?"

"சாப்பிடுன்னா சாப்பிடேன். எப்படி இருக்குன்னு சொல்லு, போதும்."

ஊசி கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பூனை வாங்கினாள். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். தாடை ஒரு கணம் நின்றது. முழுங்கினாள். கண்ணை நிமிர்த்தாமல் ஸ்பூனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரியா இருக்கு அக்கா."

நாக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. "என்ன சரியா இருக்கு? நல்லாப் பார்த்துச் சொல்லு."

"நல்லா இருக்கு அக்கா. இனிப்பு, புளிப்பு எல்லாம் அளவா இருக்கு."

"பொய் சொல்றே," என்றாள் நாக்கம்மா. குரல் தானாக ஏறியது. "வாயில வெச்சதும் உன் தாடை நின்னுச்சு, நான் பார்த்தேன். எதுக்குடி பொய் சொல்றே?"

ஊசி இரண்டடி பின்னால் போனாள். அடிக்க வந்த ஆளிடமிருந்து போகிற மாதிரி போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டிலைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

அந்த இரண்டடியை நாக்கம்மா பார்த்தாள். அறையில் எல்லாரும் சிரித்தபோதுகூட இந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனதில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அதையே திரும்பச் சொன்னவள். மூன்று நாள் விடாமல் சொன்னவள். இப்போது கசப்பை முழுங்கிவிட்டுச் சரியாக இருக்கிறது என்கிறாள். இந்த ஊசியை வைத்துக்கொண்டு நாக்கம்மா எந்தத் திட்டத்தை நடத்துவாள்? அந்த நேர்மையான நாக்கு இப்போது இல்லை. அதை ஒழித்துக்கட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்குக் கசப்பு தெரியாது," என்றாள்.

மிஷின் சத்தத்தில் ஊசிக்குக் கேட்கவில்லை. "என்ன அக்கா?"

"எனக்குக் கசப்பு தெரியாதுன்னேன். நாக்கு செத்துப்போச்சு. அஞ்சு வாரமாச்சு. நீ அன்னைக்குச் சொன்னப்பவும் எனக்கு ஒண்ணும் தெரியலை."

கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் பக்கத்துப் பெண் மிஷினை நிறுத்திவிட்டாள், அதனால் கடைசி வரி அந்தப் பகுதி முழுக்கக் கேட்டது. பெல்ட்டில் பாட்டில்கள் அப்படியே நின்றன.

ஊசி அவளையே பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் முகம் மாறியது. நாக்கம்மாவின் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள், மென்றாள், பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையில் துப்பினாள்.

"கசக்குது," என்றாள். "அன்னைக்கும் கசந்துச்சு. மூணு நாளும் கசந்துச்சு."

"ஆமா."

"நான் டாக்டர்கிட்ட போனேன் அக்கா." குரலில் அழுகை இல்லை, ஆத்திரம். "நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு எனக்குத்தான் ஏதோ வியாதின்னு நினைச்சேன். ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. நாக்கைச் சுரண்டிப் பார்த்தாங்க. வீட்டுல குழம்பு வெச்சா என் புருஷன்தான் உப்புப் பார்க்கிறார், எனக்கு என் நாக்கு மேல நம்பிக்கை இல்லை. என் குழந்தை பால் கெட்டிருக்குன்னு சொல்லுது, நான் மோந்து பார்த்துட்டு எனக்குத் தெரியலை, அப்பாவைக் கேளுன்னு சொல்றேன். பால் கெட்டுத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லலை."

நாக்கம்மாவுக்கு மன்னிச்சுக்கோ என்று வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் இந்தப் பெண் தன்னைச் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்று தோன்றியது. அதனால் சொல்லாமல் நின்றாள். இன்னும் திட்டட்டும் என்று நின்றாள். ஊசி திட்டவில்லை. டப்பாவை மூடி இடுக்கிக்கொண்டாள். பசைக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"பத்து மணிக்குத்தானே கையெழுத்து?"

"ஆமா."

"மேனேஜர்கிட்ட வாங்க. இப்ப என்கிட்ட சொன்னதை அங்க சொல்லுங்க. அஞ்சு வாரம்னு சொல்லுங்க, எந்தெந்தத் தொட்டிக்குக் கையெழுத்துப் போட்டீங்கன்னு சொல்லுங்க, என்னைப் பத்தி எழுதின தாளையும் சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன். ஒரு வார்த்தை குறைஞ்சாலும் அதை நான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். லேபிள் பகுதியிலிருந்து மேனேஜர் அறைக்கு நாற்பது அடி இருக்கும். நடுவில் ருசி அறையின் கண்ணாடிக் கதவு. உள்ளே நாலு பேரும் தண்ணீர்க் கோப்பையோடு அவளுக்காகக் காத்திருந்தார்கள், அவள் முகத்தைப் பார்த்து எழுதுவதற்கு. நாக்கம்மா அவர்கள் பக்கம் திரும்பாமல் ஊசியின் பின்னால் போனாள்.